வேர்வையை நிறுத்தும் முன்

அன்புத் தம்பிக்கு,

வாலிநோக்கத்தில் பணியில் சேர்ந்ததுமே வேர்வைக்கு என்ன மருந்து எழுதலாம் என்று கேட்டிருக்கிறாய். அந்த ஊரில் வேறு எதைக் கேட்பாய்! 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்–வாலிநோக்கம் உப்பளம் அங்கேதான் விரிந்து கிடக்கிறது. பாத்தியில் நின்று உப்பு வாருபவரும், பரீட்சைத் தாள் கையோடு ஒட்டுகிறது என்று வரும் கல்லூரிப் பிள்ளையும் உன்னிடம் ஒன்றையேதான் சொல்வார்கள்: “ரொம்ப வேர்க்குது டாக்டர்.” இருவருக்கும் ஒரே சீட்டை எழுதிவிடாதே.

பிள்ளையை முதலில் பார். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் என்று இரண்டு பக்கமும் ஒன்றுபோல வேர்க்கிறதா, 25 வயதுக்கு முன்பே தொடங்கியதா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா, தூக்கத்தில் நின்றுவிடுகிறதா என்று கேள். ஆம் என்றால் சுரப்பிகளில் கோளாறு இல்லை. அவற்றை ஏவும் நரம்புகள்தான் அளவு மீறுகின்றன. ‘பயந்த சுபாவம்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பாதே. 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலை இரவில் தடவிக் காலையில் கழுவச் சொல். தோல் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் தடவினால் எரியும், மறுநாளே பாட்டில் குப்பைக்குப் போய்விடும். அதற்கும் அடங்காத கைகளுக்குத் தண்ணீர் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. அக்குளுக்குப் போட்டாக்ஸ் ஊசி போடலாம். விலை கையைக் கடிக்கும், சில மாதங்களில் திரும்பவும் போட வேண்டும்.

உடம்பு முழுக்க வேர்ப்பதும் ராத்திரியில் பாய் நனைவதும் வேறு சங்கதி. காசநோய், தைராய்டு, சர்க்கரை இறங்குவது, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரை என எல்லாவற்றையும் தேடு. நடுவயதுக்காரர் திடீரென்று குப்பென்று வேர்த்து வந்தால் பேச்சை விட்டுவிட்டு ஈசிஜி எடு.

இனி உப்பளத்தார். கிளைகோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் மாத்திரைகள் உடம்பு முழுவதும் வேர்வையைக் குறைக்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. காற்றின் சூடு தோலின் சூட்டைத் தாண்டும் இடத்தில் உடம்பு குளிர்வதற்கு வேர்வையை விட்டால் வேறு வழி கிடையாது. அதை அடைத்தால் வெப்பவாதம் வரும். கடலோர ஈரக்காற்றில் வேர்வை சீக்கிரம் ஆவியாகாமல் வழிகிறது. வழிந்து சொட்டும் வேர்வை உடம்பைக் குளிர்விக்காது, தண்ணீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகும். ஆக, அங்கே வேர்வையைக் குறைப்பதல்ல, தண்ணீரைக் கூட்டுவதே வைத்தியம். சிறுநீர் என்ன நிறம் என்று கேள். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்வார்கள். நீ கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் வெப்பத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் சேர்த்து ஆராய்ந்திருக்கிறார்கள், தேடிப் படி. புதிதாக வேலைக்கு வருபவரின் உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாவது ஆகும் என்பதை மேஸ்திரியிடமும் சொல்லிவை.

மார்புக்குள் நரம்பைத் துண்டிக்கும் அறுவையைப் பற்றியும் கேட்டிருந்தாய். கை காய்ந்துவிடும், உண்மைதான். ஆனால் பலருக்கு முதுகும் வயிறும் தொடையும் முன்னைவிட அதிகமாக வேர்க்கத் தொடங்கும். பழையபடி ஆக்குவது கடினம். உப்பளக் குடும்பத்துப் பையன் யாராவது அதைக் கேட்டு வந்தால், படிப்பு முடிந்து என்ன வேலைக்குப் போகப்போகிறான் என்பதை முதலில் விசாரி.

அன்புடன்,
அண்ணன்