உவர்நீர் வட்டாரத்தில் வெந்நீர்ச் சாதனங்கள்: பராமரிப்பு, பழுது, மாற்றம்

மல்லாங்கிணறு என்னும் ஊர்ப் பெயரிலேயே ஒரு கிணறு இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடக்கும் மானாவாரி நிலப்பகுதியில், மக்களின் வாழ்க்கை கண்மாயையும் கிணற்றையும் நம்பியே நடந்து வந்திருக்கிறது. கண்மாய் நிறையாத ஆண்டுகளில் கிணறு கைகொடுத்தது. கிணறு வற்றியபோது ஆழ்துளைக் கிணறு வந்தது. ஆழம் செல்லச் செல்லப் பல இடங்களில் நீரின் உவர்ப்பும் கடினத் தன்மையும் மிகுகின்றன என்பதை இவ்வட்டார விவசாயிகள் நன்கு அறிவார்கள். குடிப்பதற்கு நல்ல தண்ணீரையும், குளிப்பதற்கும் புழங்குவதற்கும் போர்த் தண்ணீரையும் வைத்துக்கொள்ளும் வீடுகள் இங்கு அநேகம்.

முன்னாளில் வீட்டுப் புறக்கடையில் செம்புப் பாய்லரோ வெந்நீர் அண்டாவோ இருந்தது. இன்று பல வீடுகளில் மின்சாரக் கீசரும், சில வீடுகளின் மாடியில் சூரிய வெப்பச் சாதனமும் வந்துவிட்டன. கைக்குழந்தைக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும், மூட்டுவலியால் துன்புறும் முதியோருக்கும் வெந்நீர் ஆடம்பரம் அன்று, அவசியம். ஆனால், "வாங்கி மூன்று வருஷம் ஆகவில்லை, அதற்குள் கெட்டுப்போயிற்று" என்னும் குறையும் கூடவே எழுகிறது. பழியைச் சாதனத்தின் மீதும் விற்றவர் மீதும் போடுகிறோம். கேட்டின் வேர் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிறது. அவ்வேரை அறிந்து நடந்தால், வீட்டுப் பணமும் மிஞ்சும், உயிருக்கு வரும் அபாயமும் நீங்கும். அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நீரின் குணம்

மழைநீர் நிலத்தினுள் இறங்கும்போது சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு செல்கிறது. கரிசல் நிலத்தை உழும்போது கிளம்பும் சுக்கான் கற்களைப் பார்த்தாலே, நம் மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு உண்டென்பது விளங்கும். நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் இச்சுண்ணாம்பு, நீர் சூடேறும்போது கரியமில வாயுவை இழந்து, கால்சியம் கார்பனேட் என்னும் கரையாத பொருளாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் காணும் வெள்ளைக் காரை இதுவே.

குடிநீரின் கடினத் தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்றது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 என்னும் விதி கூறுகிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 மில்லிகிராம் கடினமுள்ள நீரில் நாள்தோறும் 50 லிட்டரை ஒரு வீட்டில் காய்ச்சுவதாகக் கொள்வோம். அந்நீரில் 25 கிராம் கடின உப்பு இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் படிந்தாலும் நாளொன்றுக்கு 2.5 கிராம், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 900 கிராம். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த சுண்ணாம்புக் கல்லைச் சாதனத்தின் வயிற்றில் நாமே கட்டுகிறோம் என்று பொருள்.

படிவு செய்யும் கேடு

படிவின் கேடு சாதனத்திற்குச் சாதனம் வேறுபடும்.

விறகுப் பாய்லரின் நடுவே நெருப்புக் குழாய் செல்கிறது. அதன்மேல் காரை படிந்தால், வெப்பம் நீருக்குச் செல்லாமல் புகையோடு வெளியேறிவிடும். ஆகவே அதே வெந்நீருக்குச் சீமைக்கருவேல விறகு கூடுதலாகச் செலவாகும். தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டினால் பற்றவைத்த இடங்கள் உருகி ஒழுகும் என்பதையும் மறத்தல் கூடாது.

மின்சாரச் சாதனத்தில் வெப்பம் தருவது காயில். ஒரு செம்பு அல்லது எஃகுக் குழாயினுள் மெல்லிய நிக்ரோம் கம்பியை வைத்து, இரண்டுக்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்னும் தூளை இறுக நிரப்பியிருப்பார்கள். அத்தூள் வெப்பத்தை விடும், மின்சாரத்தைத் தடுக்கும். காயிலின் வெப்பம் வேறெங்கும் போக இயலாது. காரையைக் கடந்து நீரையே அடைய வேண்டும். ஆகவே காரையால் மின்சாரச் செலவு பெரிதும் கூடுகிறது என்று பலர் எண்ணுவது முற்றும் சரியன்று. பெரிய நஷ்டம் வேறு. காரைப் போர்வைக்குள் காயிலின் சூடு அளவு கடந்து ஏறி, அது எரிந்து போகிறது. அல்லது மேற்குழாய் வெடித்து, தூளில் ஈரம் ஏறி, மின்சாரம் தண்ணீருக்குக் கசிகிறது. முன்னது பணநஷ்டம், பின்னது உயிர் அபாயம்.

சூரிய வெப்பச் சாதனத்தில் காரை குழாய்களின் உள்விட்டத்தைக் குறைத்து நீரோட்டத்தைத் தடுக்கும்.

தொட்டியைக் காக்கும் கோல்

இரும்புத் தொட்டியுள்ள கீசரினுள் மக்னீசியத்தால் ஆன ஒரு கோல் இருக்கும். மெக்கானிக்குகள் இதனை ஆனோடு ராடு என்பர். இரும்பை அரிக்க வேண்டிய நீர் முதலில் இக்கோலை அரிக்கும். கோல் தேயும்வரை தொட்டி பிழைக்கும். கடல்நீரில் அரிக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகடுகளைக் காக்க, 1824-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் விஞ்ஞானி இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திக் காட்டிய தத்துவமே இது. உவர்நீரில் இக்கோல் விரைவாகக் கரையும். அது தீர்ந்துபோனதை அறியாமல் இருந்தால், அடுத்து அரிபடுவது தொட்டியே.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை

வெந்நீரின் தேவை ஐப்பசி மழையில் தொடங்கி மார்கழி, தை மாதங்களில் உச்சம் அடைகிறது. ஆகவே புரட்டாசி மாதத்திலேயே சாதனத்தைச் சுத்தம் செய்துவிடுதல் நலம். நீர் மிகவும் கடினமாயின் ஆறு மாதத்திற்கு ஒருமுறை செய்யலாம்.

முதலாவதாக, மெயின் சுவிட்சை அணைத்து, நீர் ஆறிய பின் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இரண்டாவதாக, தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு காயிலைக் கழற்றி, கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அல்லது வினிகரில் அதன் காரை படிந்த பாகத்தை மட்டும் ஊறவைக்க வேண்டும். காரை நுரைத்துக் கரையும். சுத்தியலால் தட்டுவதும், கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவதும் தவறு; இரண்டும் காயிலின் மேற்குழாயைக் கெடுக்கும். மூன்றாவதாக, தொட்டியின் அடியில் தங்கிய சுண்ணாம்பு மண்ணை நீர்விட்டு அலசி வெளியேற்ற வேண்டும். நான்காவதாக, மக்னீசியக் கோல் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதியது போட வேண்டும். ஐந்தாவதாக, வாய்ப்புறத்து ரப்பர் வளையத்தை மாற்றி, எர்த் கம்பியின் இணைப்பைச் சோதிக்க வேண்டும். கடைசியாக, வெந்நீர்க் குழாயில் நீர் ஒழுங்காக வரும்வரை தொட்டியை நிரப்பிய பின்னரே சுவிட்சைப் போட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வைப்பது போதும். அதற்கு மேல் சூடேற்றினால் காரை வேகமாகப் படியும். குழந்தைகளின் தோல் சில நொடிகளிலேயே வெந்துவிடும்.

மழைநீரில் கடினத் தன்மை மிகவும் குறைவு. 2003-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டிடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் நீர் விழுகிறது. அதில் ஒரு பகுதியைத் தொட்டியில் சேர்த்து, அண்டாவுக்கும் பாய்லருக்கும் உபயோகித்தால் காரைத் தொல்லை பெரிதும் குறையும்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

விளக்கு எரிந்தும் நீர் சூடாகாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். நீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கலாம். சூடேறும்போது உள்ளே சடசடவென்று ஓசை எழுந்தால் காரை மிகுந்திருக்கிறது. வாய்ப்புறத்தில் கசிந்தால் ரப்பர் வளையம் நைந்திருக்கிறது. இவை யாவும் பழுது பார்க்கத் தக்கவை. உறுப்பை மட்டும் மாற்றினால் போதும். புதிய சாதனம் வாங்க வேண்டுவதில்லை.

தொட்டியே ஓட்டையாகிக் கசிந்தால், அதைப் பற்றவைத்து ஓட்டுவதில் பயனில்லை. ஓரிடத்தில் ஓட்டை விழுந்த தொட்டி வேறிடங்களிலும் அரிக்கப்பட்டே இருக்கும். உத்தரவாத காலம் முடியாவிட்டால் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்திருந்தால் மாற்றுவதே சிக்கனம். ஒரே ஆண்டில் இருமுறை காயில் எரிந்தால், மூன்றாவது காயில் வாங்குமுன் நீரைச் சோதிப்பது அறிவுடைமை.

பழுதென்று தவறாகக் கருதப்படும் ஒன்றும் உண்டு. 25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏறத்தாழ 350 மில்லிலிட்டர் விரிவடைகிறது. விரிந்த நீருக்கு வழிவிடப் பாதுகாப்பு வால்வு சில சொட்டுக்களை வெளியே விடலாம். இதைக் கசிவென்று எண்ணித் துணி சுற்றுவதோ ஆணி வைத்து அடைப்பதோ பேராபத்து. தெர்மோஸ்டாட்டும் கெட்ட நேரத்தில், வழியில்லாத அழுத்தம் தொட்டியையே வெடிக்கச் செய்யும்.

உயிர்க் காப்பு

2000 வாட் கீசர் 230 வோல்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும், முறையான எர்த்தும் இன்றியமையாதவை. இவற்றோடு, 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் வீட்டு மெயினில் இருத்தல் வேண்டும். கோடையில் தரை வறண்டு எர்த் குழியின் ஈரம் குறையும் நம் வட்டாரத்தில், எர்த்தை மட்டும் நம்பியிருப்பது போதாது.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு விலை மலிவானது, ஆபத்தோ மிகுதி. இரும்பு வாளியில் அதைப் போடுதல் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நீரில் கைவைத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதை விட்டுச் செல்லலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 368 என்னும் எண்ணும் இல்லாத ராடை வாங்காதிருப்பதே நன்று.

எரிவாயுக் கீசரை மூடிய குளியலறைக்குள் வைத்தல் ஆகாது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமும் மணமும் அற்ற அந்நஞ்சு, குளிப்பவரை மயக்கி உயிரைப் போக்கும். புகை நேரே வெளியே செல்லும் இடத்தில்தான் அதைப் பொருத்த வேண்டும்.

புதியது வாங்கும்போது

25 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் வேண்டும். 2000 வாட் கீசரில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். 2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாக அறிவித்தது. அந்த அளவில் பாதிக்கு மேல் வெந்நீருக்கே போய்விடும் என்பது கருதத்தக்கது. ஆகவே தேவைக்கு மீறிய பெரிய தொட்டி வேண்டாம். ஐ.எஸ். 2082 எண்ணும், சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியும், கண்ணாடிப் பூச்சுள்ள தொட்டியும், எளிதில் கழற்றத்தக்க மக்னீசியக் கோலும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. அண்டையிலுள்ள கமுதியில் 2016-ஆம் ஆண்டில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது இதற்குச் சான்று. சூரிய வெப்பச் சாதனம் வாங்குவோர், கடின நீராயின் கண்ணாடிக் குழாய் வகையை நாடலாம். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது எளிது. தகட்டு வகையே வேண்டுமென்றால், போர்த் தண்ணீர் தகட்டினுள் நேரே ஓடாமல், தனி நீர் சுற்றி வந்து வெப்பத்தை மட்டும் கொடுக்கும் அமைப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே செய்ய இயலாத சிலவற்றைப் பஞ்சாயத்து செய்யலாம். ஊரிலுள்ள பொது ஆழ்துளைக் கிணறுகளின் நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் சோதித்து, ஒவ்வொன்றின் கடினத் தன்மையையும் யாவரும் காணும்படி பலகையில் எழுதி வைக்கலாம். அதைக் கொண்டு எந்தத் தெருவில் எத்தனை மாதத்திற்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்பதை மக்களே முடிவு செய்துகொள்வார்கள். தொழிற்பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு புரட்டாசியில் ஒரு வாரம் எர்த் சோதனையும் சுத்தமும் நடத்தலாம். இளைஞர்க்கு வருவாய், ஊருக்குப் பாதுகாப்பு. விடுதி, சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களில் சாதனம் நிறுவும்போதே பராமரிப்பு ஏடு ஒன்றையும் தொடங்கி, சுத்தம் செய்த நாளையும் மாற்றிய உறுப்பையும் அதில் பதிய வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவற்றைக் கலந்து பேசலாம்: நம் ஊர் நீரின் கடினத் தன்மை எவ்வளவு? எத்தனை வீடுகளில் முறையான எர்த் இருக்கிறது? வாளி ராடை உபயோகிக்கும் வீடுகள் எவை? பாதுகாப்பு வால்வை அடைத்து வைத்திருப்போர் உண்டா?

பூமிக்கடியிலுள்ள நீரின் குணத்தை ஒரே நாளில் மாற்ற நம்மால் இயலாது. அக்குணத்தை அறிந்து, ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கி உழைப்பது நம்மால் இயலும். விதைக்குமுன் கலப்பையைச் சரிபார்க்கும் விவசாயிக்கு இது புதிய பாடம் அன்று.