செய்து பார்த்துக் கற்போம்

புதுப் புடவை நெய்ய எண்ணும் நெசவாளர், சிறு பாவில் ஒரு சாண் துண்டு நெய்து, நிறமும் கரையும் இசைகின்றனவா என்று முதலில் பார்க்கிறார். மின்னணுக் கருவிகளை வகுப்பதற்கும் இம்முறையே சிறந்தது.

தட்டாஞ்சாவடியில் தொழிற்பேட்டையும் உண்டு. வேளாண்மைத் துறை வளாகமும் உண்டு. கருவி செய்வோருக்கும் நிலத்தில் நிற்போருக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்க வல்லவர், கருவியைக் கையாளும் அங்கத்தினரே. அதற்கு அவர் மின்னியல் பட்டம் பெறவேண்டுவதில்லை. வடிவமைப்பு மாணவர்களும் எளிதில் பழகவேண்டும் என்று, இத்தாலியில் இவ்ரேயா நகரத்துக் கல்விக்கூடத்தில் மாசிமோ பான்சியும் தோழர்களும் 2005இல் 'ஆர்டுவினோ' என்னும் சிறு பலகையை உருவாக்கினர். நாம் எழுதும் கட்டளைப்படி அது இயங்கும். ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடத்தில் நூல் உயர்வதை அறிந்த நெசவாளருக்கு இக்கருத்து புதிதன்று.

இனிப் பாடம். மண்ணின் ஈரத்தை உரைக்கும் ஒரு மாதிரியைச் செய்வோம்.

1. இரண்டு துருப்பிடியா எஃகு ஆணிகளை ஓர் அங்குல இடைவெளியில் மண்ணில் ஊன்றுக. ஒன்றைப் பலகையின் 7ஆம் முனையுடன் இணைக்க. மற்றதை ஏ0 என்னும் அளவு முனையுடன் இணைக்க. ஏ0விலிருந்து தரைமுனைக்கு 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று வைக்க.

2. ஏ0 முனை 0 முதல் 1023 வரை எண் தரும். மண்ணில் ஈரம் மிகுந்தால் எண் உயரும். நம் நிலத்து மண்ணையே காயவைத்து ஓர் எண்ணும், நனைத்து ஓர் எண்ணும் குறித்துக்கொண்டு, இடையே எல்லை வகுக்க.

3. மண் காய்ந்தால் ஒரு சிறு விளக்கு எரியுமாறு கட்டளை எழுதுக. விளக்குடன் 220 ஓம் மின்தடை சேர்க்க. வீட்டு மின்சாரத்தை இதில் நேரே இணைத்தல் ஆகாது.

மாதிரி முடிந்தது, கல்வி இனிமேல்தான் தொடங்குகிறது. வயலில் வைத்துப் பார்த்தால், நண்பகல் வெயிலில் விளக்கொளி தெரியாது. விளக்கு அணைந்திருந்தால், ஈரம் உள்ளதா, பேட்டரி தீர்ந்ததா என்று அறிய வழியில்லை. ஆணிகளில் மின்சாரம் இடைவிடாது ஓடினால் ஓர் ஆணி விரைவில் அரிக்கப்படும். இக்குறைகளைக் காகிதத்தில் வரைந்த படம் காட்டித் தராது.

ஆகவே மாற்றுவோம். ஒரு பொத்தானைச் சேர்ப்போம். அழுத்தும்போது மட்டும் ஆணிகளுக்கு மின்சாரம் செல்லட்டும். காய்ந்த மண்ணுக்குச் சிவப்பு, ஈர மண்ணுக்குப் பச்சை என இரு விளக்குகள் வைத்து, நிழலுக்கு ஒரு மூடியும் அமைப்போம். இரண்டும் எரியாவிடில் பழுது என்று உடனே தெரியும். விவசாயி கேட்கிறார், கருவி விடை கூறுகிறது. மனிதரோடு உரையாடும் பொருளை வகுக்கும் கலை இதுவே.

சங்கத்தின் பொதுப்பணத்தில் கருவிகளை மொத்தமாக வாங்குமுன், இத்தகைய மாதிரி ஒன்றை அங்கத்தினர் நால்வர் தம் வயலிலோ தறியடியிலோ ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டும். மாதிரியில் கண்ட பிழை சிறு செலவோடு தீரும். வாங்கிய பின் கண்ட பிழையோ அனைவர் பங்கையும் குறைக்கும்.