ஒரே வண்டி, மூன்று தலைமுறை: சாய்மனைச் சைக்கிள் சொல்லித் தரும் வியாபாரப் பாடம்

வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கடையில் உள்ள ஒரு பொருளை 12 வயதுச் சிறுவனும் விரும்ப வேண்டும், 40 வயதுக் குடும்பத் தலைவரும் விரும்ப வேண்டும், 75 வயது முதியவரும் விரும்ப வேண்டும். அப்படி ஒரு பொருள் உண்டா?

"சீனி, மா, தேயிலை" என்று சிலர் சொல்வீர்கள். அவை தேவைக்கு வாங்கும் பொருட்கள். ஆசைப்பட்டு வாங்கும் பொருள் எது? நான் செட்டிகுளத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன். எனக்குக் கிடைத்த பதில், நான் கைநட்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பதில். அதை இந்த வாரம் ஒரு பாடமாகவே சொல்கிறேன்.

சாய்மனைச் சைக்கிள் என்றால் என்ன?

இதற்கு மூன்று சில்லு. ஆசனம் சாய்மனைக் கதிரை போல் பின்னால் சாய்ந்திருக்கும். பெடல் காலடியில் இராது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். காலை நீட்டி உதைத்து ஓட்ட வேண்டும். வெளிநாடுகளில் இதை 'ரிகம்பன்ட் ட்ரைக்' என்கிறார்கள். 'சாய்மனைச் சைக்கிள்' என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயர். அதுவே நல்ல பெயர் என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

இதன் கதை பழையது. பிரான்ஸ் நாட்டில் சார்ள்ஸ் மோஷே என்பவர், இரண்டு சில்லு சைக்கிள் பிள்ளைக்கு ஆபத்து என்ற கவலையினால் தன் மகனுக்கு நான்கு சில்லில் ஒரு மிதிவண்டி செய்து கொடுத்தார். அதைப் பார்த்த பெரியவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். 'வெலோகார்' என்ற பெயரில் அது வியாபாரமானது. பின்னர் அவர் இரண்டு சில்லிலும் ஒரு சாய்வுச் சைக்கிள் செய்தார். 1933இல் பிரான்சுவா ஃபோர் என்ற வீரர் அதில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடி, 1914 முதல் நிலைத்திருந்த 44.247 கிலோமீற்றர் சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டு, 1934இல், சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இந்த வகையைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. இரண்டாம் உலகப்போரில் பெற்றோல் இல்லாமல் போனபோது பிரான்சில் மோஷேயின் மிதிவண்டிகளுக்கு மீண்டும் கிராக்கி வந்தது.

இதில் ஒரு வியாபாரி கவனிக்க வேண்டியது, பிள்ளைக்கென்று செய்த பொருளைத்தான் பெரியவர்கள் கேட்டு வாங்கினார்கள் என்பதை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்கு இந்த எண்ணம் வந்தது எப்படி?

2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றது. கியூ.ஆர். அட்டைக்கு அளந்து பெற்றோல் கொடுத்த காலம். வருடக்கணக்கில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த சைக்கிள்களெல்லாம் என் கடைக்கு வந்தன. டயர், டியூப், செயின் எதுவும் கையில் நிற்கவில்லை. அதே வருடம் என் வாப்பா சைக்கிளில் இருந்து விழுந்தார்.

75 வயது வரை சைக்கிளை விடாதவர். வயலுக்கும் அதுதான், ஜும்ஆவுக்கும் அதுதான். கிரவல் ரோட்டில் முன்சில்லு வழுக்கி விழுந்தபின் இடுப்பு வலி போய்விட்டது, பயம் போகவில்லை. வீட்டோடு இருந்துவிட்டார். வெளியே போகாத மனிதர் ஆறு மாதத்தில் எப்படி வாடிப்போவார் என்று வீட்டில் முதியவர் உள்ள எல்லோருக்கும் தெரியும். அவருக்காகத்தான் மூன்று சில்லில் ஒன்று செய்யத் தொடங்கினேன்.

முதலாவது வண்டி: தோல்வி

ஒரு பழைய சைக்கிளின் பின்பக்கத்தை வெட்டி இரண்டு சில்லு வைத்து ஒட்டினேன். ஆசனத்தை வழமையான உயரத்திலேயே விட்டேன். முதலில் நானே ஓடிப் பார்த்தேன். குளக்கட்டில் இருந்து இறங்கும் வளைவில் பிரேக் பிடித்ததும் வண்டி கவிழ்ந்தது. முழங்கை கிழிந்தது.

காரணம் எளிது. இரண்டு சில்லு சைக்கிளை வளைவில் உள்பக்கமாகச் சாய்க்கலாம். மூன்று சில்லு வண்டி சாயாது. ஆகவே பாரம் உயரத்தில் இருந்தால் வெளிப்பக்கம் தள்ளும். வளைவில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்கு வரும். அங்கே தாங்குவதற்கு ஒரே ஒரு சில்லுத்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய அடி வாப்பாவிடம் கிடைத்தது. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மகன், என்னை வருத்தக்காரனாக்கப் பாக்கிறியா?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. எங்கள் பகுதியில் 2009க்குப் பிறகு மூன்று சில்லு வண்டி என்றால் ஒரே அர்த்தம்தான். மெனிக் பாம் முகாம் இங்கேதான் இருந்தது. 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை, கால் இழந்தவர்கள் கையால் சுற்றி ஓட்டும் வண்டிகளை நாங்கள் நிறையப் பார்த்தோம். அந்த வண்டிகள் பலருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தன. ஆனால் 'இது இயலாதவருக்கான வண்டி' என்ற முத்திரையும் சேர்ந்தே விழுந்துவிட்டது. எந்த மனிதனும் அந்த முத்திரையைக் காசு கொடுத்து வாங்க மாட்டான்.

இரண்டாவது வண்டி: பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்

அடுத்ததில் இரண்டு சில்லை முன்னால் வைத்தேன், ஒன்றைப் பின்னால். ஆசனத்தைத் தரையில் இருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில் சாய்த்து வைத்தேன். இந்த அமைப்பில் பிரேக் பிடித்தால் பாரத்தை முன்னால் இரண்டு சில்லு தாங்கும். அவுஸ்திரேலியாவின் கிரீன்ஸ்பீட், அமெரிக்காவின் கட்ரைக் போன்ற நிறுவனங்கள் பேர் வாங்கியது இந்த அமைப்பில்தான்.

இதிலும் தவறு செய்தேன். சிறுவர் சைக்கிளின் 20 அங்குலச் சில்லைச் சாதாரண அச்சிலேயே பூட்டினேன். சைக்கிள் அச்சு இரண்டு பக்கமும் போர்க்கில் தாங்கி நிற்பது. இங்கே அதை ஒரு பக்கத்தில் மட்டும் பிடிக்கிறோம். இரண்டாம் நாளே அச்சு வளைந்தது. வீல்செயாரின் பெரிய சில்லும் ஒரு பக்கம் பிடிப்பதுதான், அதன் அச்சு தடிப்பமானது. அதைப் பார்த்து லேத்தில் புதிதாகக் கடைந்து எடுத்தேன்.

இன்னொன்று, வளையும்போது உள்பக்கச் சில்லு வெளிப்பக்கச் சில்லைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் டயர் தரையில் உரசித் தேய்ந்துபோகும். குதிரை வண்டிக் காலத்திலேயே, 1818இல், அக்கர்மன் என்பவர் பெயரில் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பதிவானது. இன்றைய கார்களும் இந்தக் கணக்கைத்தான் அடிப்படையாகக் கொண்டவை.

வண்டி ரோட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடையை மொய்த்துவிட்டார்கள். "நானா, ஒரு ரவுண்ட் தாங்கோ", "அண்ணை, அடுத்தது நான்" என்று ஒரே சத்தம். ரேஸ் கார் மாதிரி இருக்கிறதாம். விழுவோம் என்ற பயமே அவர்களுக்கு இல்லை. சைக்கிள் பழகாத ஒரு சின்னப் பெண்பிள்ளையும் ஏறிய உடனேயே ஓடினாள். சமநிலை பழக வேண்டிய தேவையே இல்லையே!

மூன்றாம் நாள் பின்னேரம் வாப்பா படலையடியில் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சீட்டைக் கொஞ்சம் உசத்தினா எனக்கும் ஏறலாம்."

நான் வாயால் விற்க முடியாததைப் பிள்ளைகளின் சிரிப்பு விற்றுவிட்டது. முதியவருக்கு என்று சொல்லிக் காட்டியபோது முதியவர் வெறுத்தார். இளையவர் ஆசைப்பட்டதைக் கண்டதும் அதே முதியவர் விரும்பினார். மோஷேயின் கதையும் இதுதான்.

மூன்றாவது வண்டி: வயதுக்கேற்ற மாற்றம்

வாப்பா சொன்னது சரி. தாழ்ந்த ஆசனத்தில் இருந்து எழும்ப முழங்கால் பலம் வேண்டும். ஆகவே மூன்றாவது வண்டியில் ஆசனத்தைக் கதிரை உயரத்துக்கு உயர்த்தி, இரண்டு சில்லைப் பின்னால் நன்றாக அகட்டி வைத்தேன். மெதுவாகப் போகிறவருக்கு இது போதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும்படி சொல்லித்தான் கொடுத்தேன். இப்போது ஜும்ஆவுக்கு அதில்தான் போகிறார். பின்னால் கரியர் கூடை இருப்பதால் வரும்போது மரக்கறியும் வாங்கி வருகிறார்.

இப்போது ஒவ்வொரு வயதினரும் இதில் எதைக் காண்கிறார்கள் என்று தொகுத்துப் பார்ப்போம்.

1. சிறுவர்கள்: விளையாட்டு. விழாமல் ஓடலாம். ஜேர்மனியின் ஹாஸே நிறுவனம் பிள்ளை வளர வளர நீட்டிக்கொள்ளக்கூடிய ஒரு வண்டியே செய்கிறது. பெரியவரின் சைக்கிளுக்குப் பின்னால் கொழுவிக்கொண்டும் போகலாம்.

2. இளைஞர்கள்: வேகமும் தோற்றமும். உடம்பு தாழ்ந்திருப்பதால் எதிர்க்காற்று குறைவாகவே தடுக்கும். எங்கள் பகுதி சமதரை என்பதால் இது பொருந்தும். மேட்டில் இந்த வண்டி மெதுவாகத்தான் ஏறும்.

3. நடுவயதினர்: உடம்பு வலி. வழமையான சைக்கிளில் பாரம் மணிக்கட்டிலும் ஒடுங்கிய சீட்டிலும் விழும். இங்கே முதுகும் இடுப்பும் சேர்ந்து தாங்கும். கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவும் தேவையில்லை.

4. முதியவர்கள்: பயமின்மை. நிறுத்தும்போது காலை ஊன்ற வேண்டாம். களைத்தால் அப்படியே சாய்ந்து இளைப்பாறலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம். அதன்பின் அந்த வீதம் கூடியிருக்கிறது. இது ஒரு பெரிய சந்தை என்பதை எத்தனை வியாபாரிகள் யோசிக்கிறோம்?

ஐந்தாவதாக ஒருவரும் உண்டு. வயதைக் கொண்டு அவரைப் பிரிக்க முடியாது. யுத்தத்தில் ஒரு காலை இழந்த ஒரு சகோதரி கடைக்கு வந்தார். வாப்பாவின் வண்டியைப் பார்த்து, "அண்ணை, இது கால் இல்லாத ஆக்களுக்கெண்டு செஞ்சதோ?" என்றார். "இல்லைத் தங்கச்சி, எல்லாருக்கும்தான். பொடியன்மார் ரேஸ் ஓடுறாங்கள், எங்கட வாப்பாவும் ஓடுறார்" என்றேன். "அப்ப எனக்கும் ஒண்டு செஞ்சு தாங்கோ" என்றார். பாதத்தைப் பெடலோடு பட்டியால் கட்டினால் ஒரு காலாலேயே தள்ளவும் இழுக்கவும் முடியும். அப்படியே செய்து கொடுத்தேன். அவர் அனுதாபத்தைக் கேட்டு வரவில்லை. எல்லோரும் ஓடும் வண்டியைக் கேட்டு வந்தார்.

மறைக்கக் கூடாத குறைகள்

பொருளின் குறையைச் சொல்லி விற்பதுதான் நேர்மையான வியாபாரம். அது நமக்குக் கடமையும் கூட. ஆகவே வாங்க வருவோரிடம் இவற்றைச் சொல்கிறேன்.

- வண்டி தாழ்ந்தது. மன்னார் வீதியில் பஸ், டிப்பர் சாரதிகளின் கண்ணில் படாமல் போகலாம். உயரமான கம்பியில் கொடி, பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் கட்டாயம்.
- ஓடும்போது கால் பெடலில் இருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி முன்னுக்கு வந்து காலை மடித்துவிடும். பாதத்துக்குப் பட்டி வேண்டும்.
- மூன்று சில்லுக்கு மூன்று தடம். இரண்டு சில்லு சைக்கிளைப் போல் கிடங்குகளுக்கு இடையில் வெட்டி ஓட முடியாது. ஒற்றையடிப் பாதையில் போகாது.
- முதுகைச் சாய்த்துக்கொண்டு பலமாக உதைத்தால் முழங்கால் பழுதாகும். இலகுவான கியரில் ஓட வேண்டும். நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வரட்டும்.
- படலை அகலத்தை முதலில் அளந்து பாருங்கள். வீட்டுக்குள் போகாத வண்டி மழையில்தான் நிற்கும்.

கணக்கு

இதில் நான் பணக்காரன் ஆகவில்லை. வாப்பாவின் வண்டி நீங்கலாக இதுவரை நான்கு வண்டிகள் விற்றிருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்பது நாள் உழைப்பு. முதல் இரண்டையும் விற்கும்போது குழாய், சில்லு, வெல்டிங் கூலியை மட்டும் கணக்கில் எடுத்து விலை சொன்னேன். என் ஒன்பது நாளை மறந்துவிட்டேன். திருத்த வந்த சைக்கிள்கள் அந்த நாட்களில் வேறு கடைக்குப் போனதையும் மறந்துவிட்டேன். அந்த இழப்பையும் விலையில் சேர்த்தபின்தான் உண்மையான இலாபம் தெரிந்தது. கைத்தொழில் செய்யும் நம்மவர் பலர் விழும் குழி இது.

பெரிதாகச் செய்யலாம், கடன் எடு என்று பலர் சொன்னார்கள். வட்டிக்கு எடுத்து ஐந்து வண்டி செய்து அடுக்கி வைத்தால், விற்காத ஒவ்வொரு மாதமும் வட்டி விற்றுக்கொண்டிருக்கும். நான் பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கிக்கொண்டு, வருபவரின் கால் நீளத்தை அளந்தே செய்கிறேன். வருமானத்தின் அத்திவாரம் இன்னும் பழைய சைக்கிள் திருத்தும் வேலைதான்.

சிந்திக்க

இந்தப் பாடத்தை சைக்கிள் கடைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தையல் கடை, தளபாடக் கடை, சாப்பாட்டுக் கடை எதுவானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: என் பொருளை ஒவ்வொரு வயதினரும் என்ன காரணத்துக்காக விரும்புகிறார்கள்?

இரண்டு: என் பொருளின் மேல் வாங்குபவர் வெட்கப்படும் முத்திரை ஏதும் விழுந்திருக்கிறதா?

மூன்று: அந்த முத்திரையை அகற்ற யாரை முதலில் ஏற்றி ஓட விட வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள். உங்கள் கடை வாசலிலும் யாராவது நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். விலை சொல்வதற்கு முன் அவர்கள் கையில் பொருளைக் கொடுத்துப் பாருங்கள்.