கோட்டோரத்தில் நிற்கும் மாப்பிள்ளைக்கு

சிங்கப்பெருமாள் கோவில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். கல்லூரிக் கால்பந்து அணிக்குக் கோச் ஆனபின் நீ எழுதிய முதல் கடிதத்திலேயே கேட்டிருந்தாய்: "கத்தலைன்னா பசங்க ஓட மாட்டேங்கிறாங்க மாமா. தப்பில்லாம ஆடணும்னு கேக்கிறது தப்பா?" கேள், இன்னும் அதிகமாகவே கேள். ஆனால் அதை எந்த நேரத்தில், எங்கே நின்று கேட்கிறாய் என்பதில்தான் எனக்கு உன்னோடு வழக்கு.

மறைமலை நகர்ப் பக்கம் நடந்த உன் ஆட்டத்தைப் பார்த்தேன். உன் குரல் கேட்காத நிமிடமே இல்லை. இடது பின்களத்தில் ஆடிய பையனைக் கவனித்தாயா? முதல் பாதியில் பந்தைத் தவறவிட்டதற்கு அவன் பேரைச் சொல்லிக் கத்தினாய். அதற்குப் பிறகு பந்து வரும்போதெல்லாம் அவன் கண் முதலில் உன் முகத்துக்குத்தான் போயிற்று. இரண்டாம் பாதியில் பந்தே கேட்கவில்லை. எதிராளியின் முதுகுக்குப் பின்னால், யாரும் பாஸ் கொடுக்க முடியாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். நீ அதைச் சோம்பல் என்றாய். எனக்கு அது பயமாகத் தெரிந்தது. பந்து வராதவன் தப்பும் செய்யமாட்டான் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

இது எனக்குப் பழக்கமான காட்சி. ஒரகடத்தில் உதிரிபாகங்களைச் சோதித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். சூப்பர்வைசர் உறுமுகிற லைனில் ரிஜெக்‌ஷன் கணக்கு நோட்டில் குறைந்துகொண்டே போகும். பார்க்க அழகாக இருக்கும். பழுதான பீஸ் நல்ல பீஸோடு கலந்து டிரேயில் ஏறிப் போயிருக்கும். வாங்கிய கம்பெனி திருப்பி அனுப்பும்போதுதான் விஷயம் வெளியே வரும். "அண்ணே, இது போயிடுச்சு" என்று பையன் கையைத் தூக்கிச் சொல்லக்கூடிய லைனில்தான் பழுது உண்மையிலேயே குறையும். உன் அணியில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஷிப்டு பஸ்ஸில் ஏறுகிறவர்கள். இந்தப் பசங்களில் பலரும் நாளை அதே பஸ்ஸில் ஏறுவார்கள். அதட்டலுக்கு ஒளியும் பழக்கத்தை நீ அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டாம்.

சையத் அப்துல் ரஹீமைப் பற்றி உனக்குத் தெரியும். 'மைதான்' படம் பார்த்திருப்பாய். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் கோச்சாக இருந்த இந்திய அணிக்கு 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். இந்தியக் கால்பந்து அதற்குமேல் ஏறியதில்லை. கண்டிப்புக்குப் பேர் போனவர். அந்தக் கண்டிப்பு எங்கே செலவானது என்று பார். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு ஏய்த்து ஓடக் கூடாது என்று விதி வைத்துப் போட்டி நடத்தினார். பந்து வந்தவுடன் கைமாறியாக வேண்டும். பழகாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று இன்னொரு போட்டி. குறையைத் திருத்தும் வேலையை அந்தப் போட்டிகளின் விதியே செய்துவிட்டது. வலது காலை நம்பியே காலம் தள்ளுகிறவன் பத்து நிமிடத்தில் தன் குறையைத் தானே பார்த்துவிடுவான். யாரும் அவனைத் திட்ட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் காலத்தில் கோட்டோரத்தில் நின்று ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்வதையே விதி அனுமதிக்கவில்லை. 1993-இல்தான் அதற்கு வழி விட்டார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை அந்தக் கண்ணோடு பார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தோடு ஆடும்போது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்வரிசைக்கு மாற்றினார். (இன்று நீ அதைச் செய்யாதே. தலையில் அடிபட்டவனை வெளியே உட்கார வை, டாக்டரிடம் அனுப்பு.) செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதியாட்டம், மறுபடியும் தென் கொரியா, அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல், 2-1. கோல் காத்தவர் நம் பீட்டர் தங்கராஜ். அந்த இரைச்சலில் கோச் கத்தியிருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும்? என்ன செய்ய வேண்டும் என்பது மைதானத்துக்குள் போகும்போதே அவர்கள் காலில் இருந்தது. புற்றுநோயோடு அந்த அணியை அழைத்துப்போன ரஹீம், அடுத்த ஜூனில் காலமானார்.

அவரிடம் ஆடியவர்தான் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக அவர் போட்ட கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். பின்னாளில் கோச்சாகி, 1973-இல் கேரளாவுக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தார். ஒரு தமிழர் அங்கே போய்ச் சாதித்ததை நாம் போதுமான அளவு பேசுவதே இல்லை.

நீ அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுகளின் வீடியோக்களை விரும்பிப் பார்க்கிறாய் என்று அக்கா சொன்னாள். அவர்கள் ஆடுவது வேறு கால்பந்து. இருந்தாலும் வுடி ஹேஸ் கதையை முழுக்கத் தெரிந்துகொள். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 28 ஆண்டு தலைமைக் கோச், ஆவேசத்துக்கே பெயர் எடுத்தவர். 1978 டிசம்பர் 29 அன்று, பந்தை மறித்துப் பிடித்துத் தன் கோட்டோரத்தில் வந்து விழுந்த எதிரணி மாணவனை அடித்துவிட்டார். மறுநாளே வேலை போயிற்று. அத்தனை வெற்றிகளுக்குப் பிறகும் அவர் பேரைச் சொன்னால் பலருக்கு முதலில் நினைவு வருவது அந்த அடிதான். கோட்டோரத்துக் கோபம் தினமும் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும். நீ இப்போது தண்ணீர் பாட்டிலை உதைக்கிற இடத்தில் இருக்கிறாய்.

விதியும் இப்போது உன் பக்கம் இல்லை. 2019 முதல் நடுவர் கோச்சுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். பெஞ்சில் தப்புச் செய்தது யார் என்று தெரியாவிட்டால் அட்டை தலைமைக் கோச்சுக்குத்தான்.

வாயை மூடிக்கொண்டு நில் என்று சொல்லவில்லை. "பின்னாடி ஆள் வர்றான்" என்று குரல் கொடு. நல்ல பாஸுக்குக் கை தட்டு. தப்பு நடந்தால் மட்டும் ஆட்டக்காரனின் பேரைச் சொல்லாதே, நோட்டில் எழுது. இடைவேளையின் பதினைந்து நிமிடத்தில் முதல் ஐந்தை அவர்களுக்குக் கொடு, அவர்கள் பேசட்டும். கோல் கீப்பருக்குத் தெரிவது உனக்கு வெளியிலிருந்து தெரியாது. நோட்டில் இருக்கும் மூன்று தப்பை எடுத்து, திங்கட்கிழமைப் பயிற்சியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆட்டம் உண்டாக்கு. அங்கே விடாதே. பாஸ் ஒரு அடி தள்ளிப் போனாலும் மறுபடி போடச் சொல், இருட்டும் வரை போடச் சொல். யாராவது முதல் நாள் இரவு பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறானா என்பதை மட்டும் தொடங்குமுன் கேட்டுக்கொள்.

இந்த வாரப் பயிற்சிக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று எழுது. பழகாத காலால் ஆடும் ஆட்டத்தை வைத்தால், யார் யார் திணறினார்கள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாமா