கணுக்கால் அச்சு: மாவு இறுகும் வரை

கால் பிரேஸ் கடித்தால் பிளாஸ்டிக்கைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் பிழை அதற்கு வெகு முன்பே, பிரேஸுக்கு அச்செடுத்த பிளாஸ்டர் ஈரமாக இருந்த சில நிமிடங்களில் நேர்ந்திருக்கும். கொல்கத்தா பி.டி. ரோட்டில், பன்ஹூக்ளியில் 1978 முதல் இயங்கும் தேசிய உடலியக்கக் குறைபாடு நிறுவனம் போன்ற இடங்களில், படிப்பவர்கள் கைப்பழக்கமாகவே கற்கும் வேலை இந்த அச்செடுப்பு.

மாவை நனைக்கும் முன் காலைத் தொட்டுப் பாருங்கள். முழங்காலை மடக்கி, பாதத்தை மெல்ல மேலே தூக்கினால் செங்கோணத்துக்கு வருகிறதா? வராத காலை வலுக்கட்டாயமாக வளைக்காதீர்கள். வரும் நிலையிலேயே அச்செடுத்து, மீதியைக் குதிகாலின் கீழ் உயரம் கொடுத்து ஈடுகட்டலாம். புண், வீக்கம், மரத்துப்போன இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வங்காள வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். ஷூவின் குதி உயரத்தை மட்டும் கணக்கில் வைத்துச் செய்த பிரேஸ், வீட்டுத் தரையில் ஆளைப் பின்னுக்குச் சாய்க்கும். அதனால் ஷூவோடு நடப்பதையும் வெறுங்காலில் நடப்பதையும் கேளுங்கள்.

மெல்லிய துணியுறை மாட்டி, காப்பியிங் பென்சிலால் குறியிடுங்கள்: கணுக்காலின் இரு புடைப்புகள், உள்வளைவின் மேல் துருத்தும் எலும்பு, பெருவிரல், சுண்டுவிரல் அடி எலும்புகளின் முனைகள். முழங்காலுக்கு வெளிப்புறம் கீழே உள்ள எலும்புத் தலையை மறக்கவே கூடாது. அதை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தினால் பாதம் தொங்கிப்போகும். பிரேஸின் விளிம்பு அதற்கு இரண்டு செ.மீ. கீழாவது நிற்க வேண்டும். கணுக்கால் அகலம், பாத அகலம், ஆடுசதைச் சுற்றளவு மூன்றையும் அளந்தெழுதுங்கள். முன்பக்கம் நீளவாக்கில் ஒரு ரப்பர் குழாயை வையுங்கள், பிறகு வெட்டும்போது தோல் தப்பும்.

பிளாஸ்டர் பட்டியை வெதுவெதுப்பான நீரில் குமிழி அடங்கும் வரை அமிழ்த்தி, லேசாகப் பிழிந்து, விரலிலிருந்து மேல்நோக்கி இழுக்காமல் சுற்றுங்கள். சுடுநீர் வேண்டாம், இறுகும்போது பிளாஸ்டரே சூடாகும், உணர்ச்சியற்ற கால் அதைச் சொல்லாது. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் பிரித்த பொட்டலம் ஈரம் குடித்துக் கெட்டுவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இனி எல்லாம் கையில்தான். நோயாளி உட்கார்ந்து, முழங்கால் மடங்கியிருக்க, ஒரு கை குதிகாலை நேராக ஏந்தட்டும். மறு கை சுண்டுவிரல் பக்க அடியை மேலே தாங்கட்டும். விரல் நுனியால் அழுத்தினால் அந்தக் குழி பிரேஸில் மேடாகி உறுத்தும்; உள்ளங்கையே போதும். "பேத்தா லாக்சே?" (வலிக்கிறதா?) என்று கேட்டு, முகத்தையும் பாருங்கள். நோயாளி குழந்தையானால், பிடித்துக்கொள்ளும் அம்மா நம்பிக்கையோடு இருந்தால் குழந்தையின் காலும் தளரும். மாவு இறுகத் தொடங்கியபின் நிலையைத் திருத்த முயலாதீர்கள், உள்ளே மடிப்பு விழும்.

இறுகியதும் வெட்டப்போகும் கோட்டுக்குக் குறுக்கே சில கோடுகள் போட்டு, குழாயின் மேல் வெட்டிக் கழற்றுங்கள். கோடுகள் பொருந்தும்படி மூடி ஒட்டி, முதலில் எழுதிய அளவுகளோடு ஒப்பிடுங்கள். சமதரையில் நிறுத்தி, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். நீங்கள் பிடித்த கோணத்திலிருந்து சாய்ந்திருந்தால், நோயாளியிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுபடி தண்ணீர் வையுங்கள்.