தாத்தாவின் தாளமும் ஜாஸ் சிம்பலும்

 

மார்கழி பஜனையில் எங்க தாத்தா தாளம் போடுவார். போன வருஷம் அதை நான் கருங்கல் படியில் போட்டுவிட்டேன். விளிம்பில் முடி மாதிரி ஒரு கீறல். 'கிணீர்' போய் 'சொத்'தென்று ஆகிவிட்டது. தாத்தா திட்டவே இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. ஏன் அப்படி ஆச்சு என்று அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சொன்னது இது.

தாளம் வெண்கலத்தால் ஆனது. அதாவது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. ஜாஸ் இசையில் டிரம்ஸோடு இருக்கும் 'ரைடு சிம்பல்' என்ற பெரிய தட்டும் வெண்கலம்தான். நல்ல சிம்பலில் 100க்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். இந்தக் கலவையில் நாதம் நன்றாக வரும். ஆனால் கீழே விழுந்தால் கீறல் விடும்.

தாளம் சின்னது, தடிமனானது. வேகமாக அதிரும். அதனால் ஓசை கூர்மை. சிம்பலோ சுமார் 20 அங்குல அகலம். மெல்லியதாக இருந்தால் மெதுவாக அதிரும், ஓசை தாழ்ந்து வரும். சுத்தியலால் அடித்த பள்ளங்களால் பல ஓசைகள் கலந்துவிடும். குச்சி நுனியால் தட்டினால் முதலில் 'டிக்', பிறகு தூரத்து மழை மாதிரி இரைச்சல். குச்சிக்கும் தட்டு மெத்தென்று இருக்கும். இதை 'இருண்ட ஓசை' என்பார்கள்.

செய்து பாருங்கள்: தாளத்தைத் தட்டிவிட்டு விளிம்பை விரலால் தொடுங்கள். ஓசை உடனே நிற்கும். விளிம்புதான் அதிகம் அதிர்கிறது. கீறல் இருந்தால் அதன் இரண்டு பக்கமும் உரசி அதிர்வை அடக்கிவிடும்.

இதைத் தாத்தாவிடம் சொன்னேன். "அதாம்மா நான் கயித்த மட்டும் புடிக்கிறேன்" என்று சிரித்தார்.

நீங்களும் தாளத்தைக் கயிற்றைப் பிடித்தே எடுங்கள். கீழே போட்டுவிடாதீர்கள்!