சொற்பக் குட்டிகளைச் சுமக்கும் நாய்க்கு ரண சிகிச்சை: காலத்தை நிர்ணயிக்கும் முறை

இரவில் களத்தையும் தோட்டத்தையும் காக்கும் நாய், குடியானவருக்கு ஆடுமாடுகளைப் போன்றே ஒரு சொத்தாகும். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்கள் பெயர் பெற்றவை. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால் தலைகளுள் இராஜபாளையமும் ஒன்று. இத்தகைய நல்ல பெட்டை நாய் சினையுற்றிருக்கும்போது, வயிற்றில் குட்டிகள் குறைவாக இருந்தால் பிரசவம் எளிதாக முடியும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். ஏழெட்டுக் குட்டிகளைச் சுமக்கும் நாயைக் காட்டிலும், ஒரு குட்டியோ இரண்டு குட்டிகளோ சுமக்கும் நாய்க்கே பிரசவம் தொடங்காமல் நின்றுவிடும் அபாயம் அதிகம்.

அபாயத்தின் காரணம்

பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயன்று; குட்டிகளே. முதிர்ச்சி எய்திய குட்டிகளின் உடலில் சுரக்கும் கார்டிசால் என்னும் பொருள் தாயின் உடலில் மாறுதல்களை உண்டாக்குகிறது. சினையைக் காத்து வந்த புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு அதன் பயனாக இரத்தத்தில் குறைகிறது. பின்னரே கருப்பை சுருங்கத் தொடங்குகிறது. பல குட்டிகள் இருப்பின் இந்த அறிவிப்பு வலுவாக இருக்கும். ஒரே குட்டியாயின் அது போதாமற் போகலாம். கருப்பையும் போதிய அளவு விரியாததால் அதன் சுருங்கும் வேகம் குன்றும். இதற்கிடையில், இடமும் ஊட்டமும் முழுவதும் தனக்கே கிடைத்த குட்டி அளவுக்கு மீறி வளர்ந்து, இடுப்பெலும்பின் வழியே வெளிவர இயலாத பருமனை அடைதலும் உண்டு. நாள் கடந்தால் நச்சுக்கொடி தளர்ந்து குட்டி உள்ளேயே இறந்துவிடும்.

"ஒரு குட்டிக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்பவர்கள் இங்கேதான் கணக்கில் தவறுகின்றனர். ரண சிகிச்சை குட்டிக்காக மட்டும் செய்யப்படுவதன்று. இறந்த குட்டி உள்ளே தங்கி அழுகினால் விஷம் இரத்தத்தில் கலந்து தாயும் மடியும். ஆகவே குட்டியை வேண்டாமென்று விட்டுவிடுபவர் நாயையும் இழக்க நேரிடும்.

நாட்கணக்கு

நாயின் சினைக்காலம், முட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து 62 முதல் 64 நாட்கள். ஆனால் இணை சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 நாட்கள் வரை மாறுபடும். ஆண் நாயின் விந்து பெட்டையின் உடலில் ஒரு வாரம்வரை உயிருடன் இருக்கக்கூடுமாதலாலும், வெளிப்பட்ட முட்டை முதிர இரண்டு மூன்று நாட்கள் ஆவதாலும் இவ்வேற்றுமை உண்டாகிறது. எனவே இணை சேர்ந்த தேதியை மட்டும் நம்பி வயிற்றைத் திறப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாட்கள் முந்தினாலும் குட்டியின் நுரையீரல் பக்குவமடையாமல் மூச்சுவிட முடியாது இறக்கலாம். பிந்தினால் மேற்சொன்ன கேடு நேரும். மதிப்புள்ள நாயை இணை சேர்க்கும் காலத்திலேயே இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்த்து, முட்டை வெளிப்பட்ட நாளைக் குறித்து வைப்பவருக்குப் பின்னர் கவலை குறைவு.

கவனிக்க வேண்டிய நான்கு அடையாளங்கள்

1. குட்டிகளின் எண்ணிக்கை. சினையின் 25-ஆம் நாளுக்குப் பின் ஸ்கேன் மூலம் சினையை அறியலாம். ஆனால் எண்ணிக்கையை அது துல்லியமாகக் காட்டாது. 55-ஆம் நாளுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்-ரே படத்தில் தலைகளையும் முதுகெலும்புகளையும் எண்ணலாம். குட்டியின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் உள்ள அளவையும் ஒருவாறு ஒப்பிடலாம்.

2. தேக உஷ்ணம். 56-ஆம் நாள் முதல் தினம் மூன்று வேளை ஆசனவாயில் உஷ்ணமானி வைத்துக் குறித்து வரவேண்டும். கடைசி வாரத்தில் ஏறக்குறைய 100 டிகிரி பாரன்ஹீட்டாக இருக்கும் உஷ்ணம், பிரசவத்திற்கு முன் 99 டிகிரிக்குக் கீழே இறங்கும். இறங்கிய 24 மணி நேரத்திற்குள் பிரசவ வேதனை தொடங்க வேண்டும். ஒற்றைக் குட்டியாயின் இவ்விறக்கம் தெளிவாகத் தோன்றாமலும் போகலாம். ஆகையால் உஷ்ணம் இறங்கவில்லை என்பதை மட்டும் கொண்டு நாள் ஆகவில்லையென்று தீர்மானிக்கலாகாது.

3. புரோஜெஸ்டிரோன் அளவு. இரத்தத்தில் இது மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் குட்டி வெளிவரத் தகுந்த பக்குவத்தை அடைந்துவிட்டதென்று கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பின், குட்டி நலமாயிருக்கும் வரையில் பொறுத்து, மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும்.

4. குட்டியின் இதயத் துடிப்பு. ஸ்கேனில் நிமிடத்திற்கு 200-க்கு மேல் இருந்தால் குட்டி நலம். தொடர்ந்து 180-க்குக் குறைந்தால் குட்டி வருந்துகிறது. 150-க்குக் குறைந்தால் தாமதமின்றி எடுத்தாக வேண்டும்.

ஓர் உதாரணம்

குத்தம்பாக்கத்திலுள்ள ஒரு நிலச்சுவான்தாரின் பெட்டை நாய், பிப்ரவரிக்கு 28 நாட்களுள்ள ஓராண்டில், ஜனவரி 5-ஆம் தேதி இணை சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். மார்ச் 3 முதல் மார்ச் 18 வரை எந்நாளிலும் அது ஈனலாம். மார்ச் 2-இல் எடுத்த படத்தில் ஒரே பெரிய குட்டி தென்படுகிறது. அச்சத்தால் மார்ச் 4-ஆம் தேதியே வயிற்றைத் திறக்கச் சொல்பவர் பக்குவமடையாத குட்டியைப் பெறக்கூடும். "தானே ஈனும்" என்று மார்ச் 18 வரை காத்திருப்பவர் இறந்த குட்டியைப் பெறக்கூடும். அறிவுடையவர் உஷ்ணத்தைக் குறித்து வந்து, மார்ச் 9-இல் இரத்தத்தையும் துடிப்பையும் பார்க்கச் செய்கிறார். புரோஜெஸ்டிரோன் 4, துடிப்பு 220 எனில் பொறுக்கிறார். மறுநாட் காலையில் அது 2-க்குக் கீழே இறங்கி, அதன்பின் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தும் வேதனை தோன்றாவிடில், மார்ச் 11-ஆம் தேதி பகல் வேளையில் வைத்தியர் முன்னிலையில் ரண சிகிச்சைக்கு இசைகிறார். நாள் பார்த்துச் செய்வதன் பயன் இதுவே.

உடனே வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டிய நிலைகள்

முதற் குட்டி வருமுன் கரும்பச்சை நீர் கசிதல், அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராமை, இரண்டு மணி நேரத்திற்கு மேல் விட்டுவிட்டு முக்குதல், உஷ்ணம் இறங்கி 24 மணி நேரமாகியும் வேதனையில்லாமை, துர்நாற்றமுள்ள கசிவு, நாய் சோர்ந்து படுத்துவிடுதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. முன்பு இடுப்பெலும்பு முறிந்த நாய்க்கும், பக், புல்டாக் போன்ற தட்டை முக இனங்களுக்கும் முன்கூட்டியே நாள் குறித்துச் செய்வதே சிறந்தது.

செய்யலாகாதவை

எருமைக்குப் பால் இறங்கச் சிலர் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை நாய்க்குத் தாமே போடுதல் பெருங்கேடு. பெரிய குட்டி வழியடைத்து நிற்கும்போது இவ்வூசி கருப்பையைக் கிழித்துவிடக்கூடும். கையை விட்டுக் குட்டியை இழுத்தலும் தகாது. சினைக்காலத்தில் சுண்ணாம்புச் சத்து மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தலும் கூடாது. அது ஈன்றபின் இழுப்பு நோய்க்கு இடங்கொடுக்கும். நாயை அளவுக்கு மீறிக் கொழுக்க விடுதலும் கருப்பையின் வலிமையைக் குறைக்கும்.

சிகிச்சையின் பயனும் பின் கவனிப்பும்

அமெரிக்காவிலும் கானடாவிலும் இச்சிகிச்சைக்குள்ளான 808 நாய்களைப்பற்றி 1998-இல் வெளியான ஆய்வில், தாய்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று மாண்டதாகவும், குட்டிகளில் நூற்றுக்கு 92 பிறக்கும்போது உயிருடன் இருந்ததாகவும், ஏழாம் நாளில் அது 80 ஆகக் குறைந்ததாகவும் கண்டனர். இதிலிருந்து, சிகிச்சையோடு வேலை முடிவதில்லை என்பது விளங்கும். வேதனைப்படாமல் குட்டியைப் பெற்ற தாய் அதைத் தன் குட்டியென்று அறியாமல் கடிக்கவும் கூடும். ஆதலின் முதல் நாட்களில் ஆள் அருகிலிருந்தே பால் குடிக்கச் செய்ய வேண்டும். சீம்பால் முதல் சில மணி நேரத்திற்குள் கிடைக்க வேண்டும். ஒட்டிக் கிடக்க உடன்பிறப்பு இல்லாத தனிக் குட்டி விரைவில் குளிர்ந்துபோகுமாதலால், படுக்கையில் ஏறக்குறைய 86 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் இருக்கச் செய்க. தினம் குட்டியை நிறுத்துப் பார்க்க. ஒரு குட்டி சில காம்புகளிலேயே குடிப்பதால் மற்ற மடிகள் கட்டிக்கொள்கின்றனவா என்றும் கவனிக்க.

முன்னேற்பாடு

1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் உள்ளது. 1989-இல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்குகிறது. குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாக அங்கே செல்வது பகலில் எளிது; நள்ளிரவில், துடிக்கும் நாயுடன், வண்டி தேடிச் செல்வது எளிதன்று. ஆகையால் 50-ஆம் நாளுக்குள்ளாகவே எங்கே, எந்த நேரத்தில், யார் சிகிச்சை செய்வார் என்பதைக் கேட்டறிந்து, வண்டியையும் பணத்தையும் ஏற்பாடு செய்துகொள்க. கிராம உத்தியோகஸ்தர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் முகவரியையும் வேலை நேரத்தையும் பலரும் காணும் இடத்தில் எழுதி வைப்பார்களாயின் பெரும் உதவியாகும்.

குறித்து வைத்த தேதி, உஷ்ணமானி, ஒரு படம், ஓர் இரத்தச் சோதனை ஆகிய நான்கும் கையிலிருந்தால், எப்போது பொறுப்பது, எப்போது துணிவது என்பது தானே விளங்கும்.